கல்யாணத்துக்கு எடுத்த பை

தம்பி, அந்தக் கவரைத் தூக்கி மடியில வச்சுக்கங்க. கீழ வச்சீங்கன்னா அம்புட்டுத்தான், அடுத்த வேகத்தடையில ஆரஞ்சு பூராவும் டிரைவர் காலுக்குப் போயிரும். பிடியைப் பாருங்க, இழுபட்டு நூலா நிக்கிது. நானும் பெருமைக்குச் சொல்லலை, பை விசயத்துல எனக்குத் தெரிஞ்ச அளவுக்கு சாத்தூருலருந்து அருப்புக்கோட்டை வரைக்கும் ஒருத்தனுக்கும் தெரியாது. எம் மக கல்யாணத்துக்குப் பை எடுக்கப் போயித்தான் இன்னைக்கு நான் கோர்ட்டுக்குப் போயிட்டு வர்றேன். ஆமா, கூண்டுல நின்னது நான்தான். அட, உட்காருங்க தம்பி, எங்க எந்திரிக்கிறீங்க? நான் அப்படிப்பட்ட ஆளு இல்லை.

எம் பேரு வேல்ச்சாமி. அருப்புக்கோட்டையில வத்தல் மண்டி. எங்க மண்டியில யாரை வேணும்னாலும் கேட்டுப் பாருங்க, வேல்ச்சாமி எப்படிப்பட்டவர்னு. தங்கமான மனுசன்னுதான் சொல்லுவானுக. வேற மாதிரி சொன்னவன் எவனும் இப்ப எங்கிட்ட வேலையில இல்லை.

எனக்கு ஒரே பிள்ளை, நாகஜோதி. சாத்தூருல மாப்பிள்ளை, பிரதீப்புன்னு பேரு, நல்ல பையன், வாய் செத்தவன். கல்யாணம் அவங்க ஊரு மண்டபத்துல. சாப்பாடு, மேளம், மேடை எல்லாம் அவங்க பாத்துக்கிறதாப் பேச்சு. தாம்பூலப் பை மட்டும் நான். கேட்டு வாங்கிக்கிட்டேன் தம்பி அதை. சாப்பாட்டைக் கையைக் கழுவுனதும் மறந்துருவான். பை அப்படியா? வீட்டுல ஆணியில தொங்கும். காய் வாங்க, மீன் வாங்க, ரேசனுக்குப் போகன்னு வருசக்கணக்கா ஓடும். பொண்ணு மாப்பிள்ளை பேரும் கீழ எம் பேரும் கடைத்தெரு பூராவும் நடக்கும்ல? அதுக்குத்தான்.

முன்னெல்லாம் நம்ம பக்கம் கல்யாணத்துக்குப் பிளாஸ்டிக் கவருலதானே தேங்காயைப் போட்டுக் குடுப்பானுக. இப்ப மண்டபத்து மேனேஜரு முதல்லயே சொல்லிட்டாரு, கவரு உள்ள வந்தா நகராட்சிக்காரன் வந்து உசுர எடுப்பான், வேற ஏதாச்சும் பாருங்கன்னு. எனக்கு அது ரொம்பச் சந்தோசம். கவருன்னாலே எனக்கு ஆகாது. எங்க தெருவுக்கு ஒருத்தன் பழவண்டி தள்ளிக்கிட்டு வருவான். கவருல குடுக்காதப்பான்னு சொல்லிப் பார்த்தேன். சரிங்க மொதலாளின்னான், மறுநாளும் அதே கவரு. வண்டியைப் பிடிச்சு ஒரே தள்ளு, சாக்கடையில குப்புறக் கவுந்துருச்சு. அவனும் அதுலயே கிடந்தான். அன்னையோட எங்க தெருவுல கவரு கிடையாது. பழவண்டியும் கிடையாது.

இப்ப ராமசுப்புவைப் பத்திச் சொல்லணும். மாப்பிள்ளைக்குத் தாய்மாமன். அடிபட்டது அவருதான். ஆளு வெள்ளையும் சொள்ளையுமா இருப்பாரு, வாயி மட்டும் காதுவரைக்கும். பை நான் எடுக்கிறேன்னு சொன்னதுக்கப்புறமும் வீடு தேடி வந்து, சம்பந்தி, நான் ஒரு மாதிரி கொண்டாந்திருக்கேன் பாருங்கன்னு ஒண்ணை விரிக்கிறாரு. ரோசுக் கலரு, பிள்ளையாரு படம், மேல ஜிப்பு. ஜவுளிக்கடையில குடுப்பானுகள்ல, துணி மாதிரியே இருக்கும், கிட்டப் பார்த்தா புள்ளிபுள்ளியா அமுக்கி வச்சிருக்கும், அந்தச் சாதி.

“இது பிளாஸ்டிக்குல்ல” அப்படின்னேன்.

“யாரு சொன்னா? துணி சம்பந்தி. தொட்டுப் பாருங்க, துணி.”

“துணியா?”

“சத்தியமாத் துணி.”

எங்கிட்டப் பொய் சொன்னா எனக்கு ஆகாது தம்பி. தீப்பெட்டியை எடுத்தேன், ஒரு குச்சியைக் கிழிச்சு ஓரத்துல வச்சேன். துணின்னா என்ன ஆகணும்? எரிஞ்சு சாம்பலாகணும். இது சுருண்டுச்சு, உருகுச்சு, கருப்பாச் சொட்டுச்சு. அவரு தொடைக்கு மேலதான் பிடிச்சிருந்தேன். அய்யய்யோன்னு துள்ளுனாரு பாருங்க, வேட்டியில ஓட்டை, தொடையில ஓட்டை. இப்பச் சொல்லுங்க துணியா பிளாஸ்டிக்கான்னு கேட்டேன். நான் சொன்னதுதானே சரி? இன்னைக்கு வரைக்கும் அதை ஒருத்தனும் இல்லைன்னு சொல்ல முடியாது. ஆனா எம் மக என்ன செஞ்சா தெரியுமா? ஓடிப்போய்ச் சொம்புல தண்ணி கொண்டாந்து அவரு தொடையில ஊத்துறா. அப்பான்னு ஒருத்தன் செயிச்சு நிக்கிறேன், என்னைய ஏறிட்டுக்கூடப் பார்க்கலை. அப்பவே அந்த வீட்டுப் பக்கம் சாஞ்சுட்டா.

அதுக்கப்புறம் நான் பை தேடி அலைஞ்ச அலைச்சல் இருக்கே. ஒயர்க்கூடைன்னான் ஒருத்தன். அதுவும் பிளாஸ்டிக்குதானடா மடையான்னு விரட்டி விட்டேன். எங்க வீட்டுக்காரி, சீனியம்மான்னு பேரு, அவ எப்பவும் வாயைத் திறக்க மாட்டா, அன்னைக்குன்னு பார்த்து, சணல் பை நல்லாருக்குங்க, பூவெல்லாம் போட்டு வருதுன்னா. சணலுன்னா நமக்குத் தெரியாதா? நாளெல்லாம் சாக்குலதான் தலையை விட்டுக்கிட்டு இருக்கேன். ஒரு மண்ணெண்ணெ வாடை அடிக்கும். பட்டுச்சேலையில நார் நாரா ஒட்டும். வாடை அடிக்கும்டின்னு சொன்னேன். எனக்கு அடிக்கலையேங்கிறா. அடிக்கலையா, நல்லா மோந்து பாருன்னு சாக்கை எடுத்து மூஞ்சியில வச்சு அமுக்குனேன். கொஞ்சம் கூடுதலா அமுக்கிட்டேன் போல. மூக்குல ரத்தம் வந்துருச்சு. அவளுக்குச் சூட்டு உடம்பு தம்பி, கல்யாணம் ஆனதுலருந்தே அப்படித்தான், சட்டுன்னு ரத்தம் வந்துரும்.

கடைசியில காடாத்துணின்னு முடிவு பண்ணேன். மஞ்சள்ல முக்குன காடாத்துணி. எங்க ஊருத் தறித்துணி, கெட்டியா இருக்கும். அந்தோணின்னு ஒரு டெய்லரு, அவன்கிட்ட மாதிரிக்கு ஒண்ணு தைக்கச் சொன்னேன். கொண்டாந்தான். பார்வைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. பார்வையை வச்சு நான் எதையும் எடுக்க மாட்டேன். உள்ள ஒரு தேங்காய், கொஞ்சம் அரிசி போட்டுப் பிடியைப் பிடிச்சுக் கிறுகிறுன்னு சுத்துனேன். பிய்ச்சுக்கிட்டுப் போச்சு பாருங்க. நேரா எங்க லோடுமேன் மூக்கன் வாயில போயி விழுந்துச்சு. முன்பல்லு போச்சு அவனுக்கு. எனக்கு வந்துச்சே கோபம்! பாவம், வேலை பாக்குறவன், அவன் பல்லு போயிருச்சேன்னு கோபம். அந்தோணியைக் கூப்பிட்டு அங்கயே செவுட்டுல ஒண்ணு விட்டேன், குத்துக்கல்லு மாதிரி நின்னான். மறுநாள் வர்றான், பிடிக்கு அடியில பட்டை வச்சு, பெருக்கல் குறி போட்டு, தையலுக்கு மேல தையல் போட்டுக் கொண்டாந்திருக்கான். முதல்லயே செஞ்சிருக்கலாம்ல? அடிச்சாத்தான் தம்பி நம்ம ஆளுக்கு வேலை வருது.

அந்தப் பையை மண்டித் தூணுல ஓங்கி அடிச்சேன். பூச்சு உதுந்துச்சு. உள்ள தேங்காய் சில்லுச்சில்லாப் போச்சு. பை? ஒரு நூலு பிரியலை. இதுதான்டா பைன்னு அன்னைக்கே சொல்லிப்புட்டேன்.

பை பூராவும் தச்சு வந்ததும் கட்டுக்கட்டா வீட்டுல அடுக்கி வச்சிருந்தோம். சீனியம்மா ஒரு பையை எடுத்து விரல்ல தேச்சுப் பார்க்குறா. ஏங்க, இதை ஒருதடவை உப்புத் தண்ணியில அலசிக் காயப்போட்டுருவோம், சாயம் கழண்டாலும் கழலும்னா. புதுப்பையை எவளாச்சும் நனைப்பாளா? கஞ்சி போயி, கசங்கி, பழம்பை மாதிரியில்ல ஆயிரும்? சொன்னா கேட்டுக்கிட்டுப் போகணும். சும்மா நின்னு முனகிக்கிட்டே இருந்தா. பக்கத்துல இருந்த துணிக்கட்டை எடுத்து எறிஞ்சேன். துணிதானே, என்ன பண்ணும்? இவ தடுமாறி நிலைப்படியில போயி விழுந்தா நான் என்ன செய்ய முடியும்? கல்யாணத்தன்னைக்கு நெத்திவீக்கத்தை மறைக்கப் பூவை முன்னால இழுத்து வச்சிருந்தா. நல்லாத்தான் இருந்துச்சு.

கல்யாணம் ஒரு குறை இல்லாம நடந்துச்சு தம்பி. தாலி கட்டியாச்சு, பந்தி ஓடுது. நான் வாசல்ல தாம்பூலம் குடுக்குற மேசைகிட்ட நிக்கிறேன். ஒவ்வொரு ஆளு கையிலயும் நானே பையைக் குடுக்கிறேன். பிடியை இழுத்துப் பாருங்கன்னு சொல்லிச் சொல்லிக் குடுக்கிறேன். நல்லா இருக்குங்க, நல்லா இருக்குங்கன்னு வாங்கிக்கிட்டுப் போறாங்க. எனக்கு மனசு குளுந்துபோச்சு.

பை போடுற பயலுக வெத்தலையைத் தண்ணியில முக்கி, உதறாம அப்படியே உள்ள வச்சிருக்கானுக. தேங்காயையும் கழுவுன ஈரத்தோட போட்டுருக்கானுக. கொஞ்ச நேரத்துல அங்கிட்டு ஒரு சத்தம், இங்கிட்டு ஒரு சத்தம். பார்த்தா வெளிய நிக்கிறவன் வேட்டியில மஞ்சள். இடுப்புல பையை வச்சிருந்த பொம்பளை சேலையில மஞ்சள். மாப்பிள்ளையோட பெரியப்பா வெள்ளைச் சட்டை, அதுல இம்புட்டு மஞ்சள். எனக்கு உடம்பெல்லாம் எரியுது.

அப்ப வர்றாரு ராமசுப்பு. பட்டுச்சட்டை, வயித்துப் பக்கம் பூராவும் மஞ்சளா ஒழுகுது. அவருக்குக் கோபம் இல்லை தம்பி, சிரிப்பு. வாசல்ல அம்புட்டுக் கூட்டம் நிக்கிது. எல்லாருக்கும் கேக்குற மாதிரி சொல்றாரு, “என்ன சம்பந்தி, மாப்பிள்ளை வீட்டு ஆளுகளுக்குப் பூராவும் மஞ்சத்தண்ணி தெளிச்சு விட்டுட்டீங்க? தலையை ஆட்டிட்டோம், எப்ப வெட்டப் போறீங்க?”

கோயில்ல தண்ணி தெளிச்சு வெட்டுற கெடாவாம் அவுங்க. வாசலே சிரிச்சுச்சு. மேளக்காரன் சிரிச்சான். எங்க மண்டி ஆளுக சிரிச்சானுக, அந்தப் பல்லு போன மூக்கன்கூடச் சிரிச்சான். நீங்களா இருந்தா என்ன செஞ்சிருப்பீங்க? சொல்லுங்க. சும்மா போயிருப்பீங்களா?

கையில பை இருந்துச்சு. அடுத்த ஆளுக்குக் குடுக்க எடுத்த பை, உள்ள தேங்காய் இருக்கு. ஒரு சுத்து சுத்தி விட்டேன். காதுக்கு மேல பட்டுச்சு. மண்டித் தூணுல அடிச்சப்பச் சடார்னு ஒரு சத்தம் வந்துச்சு, அது வேற. இது பொத்துன்னு வந்துச்சு. சிரிச்ச வாயோடயே அப்படியே உட்கார்ந்தாரு. கோலத்து மேல. ரத்தம் கழுத்துல இறங்கி அந்த மஞ்சள்ல கலக்குது. எங்க, இப்பச் சிரிய்யான்னு இன்னொண்ணு விட்டேன். அதுக்கப்புறமும் ஒண்ணு விட்டதாச் சொல்றானுக, எனக்கு நெனப்பு இல்லை. நாலஞ்சு பேரு சேர்ந்து என்னையக் கீழ தள்ளி அமுக்குறானுக, ஒருத்தன் வயித்துல மிதிக்கிறான், ஒருத்தன் முடியைப் பிடிச்சுத் தரையில இடிக்கிறான். மிதி வாங்கிக்கிட்டே நான் கையைப் பார்க்குறேன். பை அப்படியே இருக்கு தம்பி. பிடி அறலை. தேங்காய் மட்டும் ரெண்டாப் போயிருந்துச்சு.

எம் மக மணவறையில இருந்து மாலையோட ஓடியாந்தா. எங்கிட்டத்தான் வர்றான்னு நெனைச்சேன். என்னையத்தானே மிதிக்கிறானுக? தாண்டிப் போயி ராமசுப்பு தலையைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டா. கல்யாணச் சேலை பூராவும் ரத்தம். நான் எடுத்துக் குடுத்த சேலை அது.

அந்த ஆளு சாகலை. நல்லாத்தான் இருக்காரு. என்ன, ஒரு காது கேக்காது. பேச்சு கொஞ்சம் கொழகொழன்னு வருது, நடக்கும்போது ஒரு பக்கமா இழுக்குது. அதுக்கு முன்னாடியும் அவரு நேரா நடந்த ஆளா? ஆனா போலீசு அதையெல்லாம் கேக்குமா? உள்ள தூக்கிப் போட்டானுக. ஜாமீன்ல வெளிய வந்தா, மக மறுவீட்டுக்கு வரலை. பொங்கலுக்கு வரலை. போன் பண்ணா எடுக்க மாட்டேங்கிறா. அந்த வீட்டு ஆளுக தடுக்குறானுகன்னு எனக்குத் தெரியாதா? எம் மக அப்படிப்பட்டவ இல்லை. போன தடவை கோர்ட்டுல, எங்கப்பாதான் அடிச்சாரு, பார்த்தேன்னு சாட்சி சொன்னா. சொல்லிக்குடுத்துட்டானுக தம்பி. பச்சப்பிள்ளையைக் கெடுத்துட்டானுக.

எங்க வக்கீலு சொன்னாரு, இனிமே எல்லாம் உங்க வீட்டம்மா கையிலதான் இருக்கு. பக்கத்துல நின்னவங்கன்னு போலீசு அவங்களையும் சாட்சியாப் போட்டிருக்கு. மக ஒண்ணு சொல்லி, அம்மா வேற மாதிரி சொன்னா சந்தேகம் வந்துரும், தப்பிச்சுக்கலாம். இல்லைன்னா வருசக்கணக்குல உள்ள இருக்கணும்னாரு. எனக்கு அப்பத்தான் உசுரே வந்துச்சு. சீனியம்மாதானே? நான் கிழிச்ச கோட்டைத் தாண்டுனவளா அவ?

வீட்டுல வச்சுச் சொல்லிக்குடுத்தேன். தரை ஈரமா இருந்துச்சு, ராமசுப்பு அண்ணன் வழுக்கி விழுந்தாரு, மேசை முனை தலையில பட்டுச்சு, எங்க வீட்டுக்காரரு தூக்கத்தான் போனாரு. இதுல என்ன கஷ்டம் இருக்கு? நாலு வரி. சொல்லு பார்ப்போம்னா, மேசைகிட்ட வந்து நின்னுருவா. மேசை முனை, மேசை முனைன்னு திக்குவா. எனக்குப் பொறுமை ஜாஸ்திதான், ஆனா எம்புட்டு நேரம்? மேசை முனைன்னா எதுன்னு அவளுக்குத் தெரியணும்ல? தலையைப் பிடிச்சு எங்க வீட்டு மேசை முனையில லேசா வச்சுக் காட்டுனேன். இதுதான்டி முனை. அப்புறம் கரெக்டா ஒப்பிச்சா. திக்கவே இல்லை.

இன்னைக்குக் காலையில இதே மாதிரி பஸ்ஸுல சேர்ந்துதான் வந்தோம். வழி பூராவும் ஒப்பிக்கச் சொன்னேன், ஒப்பிச்சுக்கிட்டே வந்தா. கோர்ட்டு வாசல்ல நாகஜோதி நின்னுக்கிட்டு இருந்தா. வயிறு தெரிஞ்சுச்சு தம்பி. மாசமா இருக்கா. எனக்கு யாரும் சொல்லலை. திரும்பிச் சீனியம்மாவைப் பார்க்குறேன், அவ மூஞ்சியில ஆச்சரியமே இல்லை. மக வந்து அவ கையைப் பிடிச்சா. எங்கிட்ட ஒரு வார்த்தை இல்லை. தாத்தா ஆகப் போறவன்கிட்ட ஒரு வார்த்தை. எனக்கு அழுகை வந்துருச்சு. வக்கீலு, கேஸைக் கூப்பிட்டாச்சு, உள்ள வாங்கன்னுட்டாரு.

நான் கூண்டுல நிக்கிறேன். எதுத்தாப்புல சீனியம்மா. அரசு வக்கீலு கேக்குறாரு, சம்பவத்தன்னைக்கு என்னம்மா பார்த்தீங்க, உங்க வீட்டுக்காரரு அடிச்சதைப் பார்த்தீங்களான்னு. நான் மனசுக்குள்ள சொல்றேன், தரை ஈரமா இருந்துச்சு, தரை ஈரமா இருந்துச்சு.

அவ முந்தானையைச் சரிபண்ணிக்கிட்டா. அப்புறம் சொல்றா, “பார்த்தேன் அய்யா. இவருதான் அடிச்சாரு. அவரு விழுந்தப்புறமும் அடிச்சாரு.”

எங்க வக்கீலு எந்திரிக்கிறாரு. ஏம்மா, யாராச்சும் மிரட்டிச் சொல்லச் சொன்னாங்களா, உங்க வீட்டுக்காரரு இதுக்கு முன்னாடி யாரையாச்சும் இப்படி அடிச்சுப் பார்த்திருக்கீங்களா, ஏதோ சூழ்நிலைதானேன்னு அவரு பாட்டுக்குக் கேக்குறாரு. படிச்ச முட்டாள். அதையா கேப்பான்?

“அய்யா, அன்னைக்குக் கையில பை இருந்துச்சு. மத்த நாளெல்லாம் வெறுங்கை. அம்புட்டுத்தான் வித்தியாசம்” அப்படிங்கிறா.

எழுதுறவன்கூட நிறுத்திட்டு அவளைப் பார்க்குறான். எப்படி இருக்கும் எனக்கு? சோறு போட்டிருக்கேன், துணி எடுத்துக் குடுத்திருக்கேன், நாலு பேரு முன்னால இப்படிச் சொல்லலாமா? அது என்ன, நான் தினமும் அவளைப் போட்டு அடிச்ச மாதிரியில்ல ஆயிருச்சு? எனக்குக் கண்ணு இருட்டிருச்சு. கூண்டுல நிக்கிறோம்கிறதே மறந்துபோச்சு. கை தானாத் தூக்குச்சு தம்பி. நான் தூக்கலை, அதுவாத் தூக்குச்சு. போலீசுக்காரரு பாஞ்சு பிடிச்சாரு. ஜட்ஜய்யா பார்த்துக்கிட்டே இருக்காரு. இன்னொரு தடவை இப்படி நடந்தா ஜாமீனு போயிரும்னு எச்சரிச்சு, தீர்ப்புத் தேதி போட்டுட்டாங்க. வக்கீலு வெளிய வந்ததும் பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டாரு. சீனியம்மா, மககூட ஆட்டோவுல ஏறிப் போயிட்டா. அருப்புக்கோட்டைக்கு வரமாட்டாளாம்.

போகட்டும். எங்க போயிருவா? அதெல்லாம்கூட எனக்குப் பெருசில்லை. ஜெயிலைக்கூட நான் பார்த்துட்டேன். ஒண்ணுதான் தம்பி எனக்கு விளங்கலை. எப்பவும் நான் கையைத் தூக்குனா அவ கண்ணை இறுக்கி மூடிக்குவா. அடி விழுறதுக்கு முன்னாடியே மூடிருவா, எத்தனையோ வருசப் பழக்கம். இன்னைக்கு நான் கையைத் தூக்குனேன், அவ மூடலை. திறந்த கண்ணோட என்னையவே பார்த்துக்கிட்டு நின்னா. போலீசுக்காரரு என்னைய வெளிய இழுத்துட்டுப் போற வரைக்கும் பார்த்துக்கிட்டே நின்னா.